வரியும் அறமும்: மலையகத்துப் புகையிலையை முன்வைத்து

மனிதன் தன் உடலுக்குத் தானே இழைக்கும் தீங்கை வரியினால் தடுக்க முனைதல் அரசுக்கு அறமாகுமா? ஜோன் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் இவ்வினாவை ஆராய்ந்தார். நுகர்வைக் குறைத்தற்கென்றே விதிக்கப்படும் வரி, விலை கொடுக்க இயலாதவனுக்குத் தடையே என்றார்; எனினும், அரசு வருவாய்க்காக வரி விதித்தே ஆகவேண்டும் எனின், தீங்கு தரும் பொருள்களைத் தேர்ந்துகொள்ளுதல் தகும் என்றும் உடன்பட்டார். கோலொடு நின்று பொருள் கேட்கும் வேந்தனை வேலொடு நிற்கும் கள்வனுக்கு ஒப்பிட்ட வள்ளுவரும் வரியின் நோக்கத்தையே வினவினார் எனலாம்.

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வைத்து நோக்கின் இவ்வினாவின் கடுமை புலனாகும். 2021இல் சம்பள நிர்ணய சபை தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக நிர்ணயித்தது. அத்தகைய வருவாயில் வாழ்வோரின் அடுப்பையே சிகரெட்டின் விலையேற்றம் தொடும். ஆதலின் இவ்வரி வறியோரை வருத்துவது என்பர் சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. உழைப்பவர் நோயுற்றால் நாட்சம்பளம் அன்றே நின்றுவிடும். விலை உயருங்கால் பழக்கத்தை முதலிற் குறைப்போர் வறியோரும் இளைஞருமே என்பது பல நாடுகளின் அனுபவம். வரியின் சுமை மட்டுமன்றி, அதன் நலமும் அவர்களையே மிகுதியாகச் சாரும். மேலும், நிக்கொட்டினுக்கு அடிமையானவனின் தெரிவை முழுச் சுதந்திரமெனக் கொள்ளுதல் அரிது.

ஆயின் சிகரெட் வரி மலையகத்தின் முழு நோயையும் எட்டுவதில்லை. மழையிலும் குளிரிலும் கொழுந்து பறிப்போர் பலர் வாயில் அடக்குவது பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த வெற்றிலையாகும். அது பசியை மறக்கச் செய்வது. மங்கல வினைகளில் மரியாதையின் அடையாளமாவது. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய் விளைப்பதென அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதி உரைத்தது. இலங்கை ஆடவரிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. 2016இல் அரசு புகையற்ற புகையிலைப் பண்டங்களைத் தடைசெய்தது. எனினும், தலைமுறைகளாய் வேரூன்றிய வழக்கம் ஓர் ஆணையால் மட்டும் அகல்வதன்று.

எனவே வரி அறமாவது அதன் பயன் மீளும் இடத்தைப் பொறுத்ததாகும். லயத்து வாசலுக்கு வாய்ப் பரிசோதனையாகவும், தமிழில் அமைந்த நலக்கல்வியாகவும், பழக்கத்தை விடத் துணைநிற்கும் மருந்தகமாகவும் அது திரும்புமாயின், தொழிலாளியிடம் பெற்றது தொழிலாளிக்கே ஈந்ததாகும். திறைசேரியோடு நின்றுவிடுமாயின், நோயாளியின் பழக்கத்தை வருவாயாக்கிக்கொண்ட குற்றம் அரசையே சாரும்.