உழைக்கும் நாயின் உணவு: இயற்கை வாதமும் கூலிக் கடனும்

மந்தையை ஓட்டுகிற, பனிவண்டியை இழுக்கிற, வேட்டைக்குத் துணை நிற்கிற நாய்களுக்குச் சமைக்காத இறைச்சியும் எலும்பும் கொடுப்பதா, ஆலையில் ஆயத்தமாகும் முழுமை உணவைக் கொடுப்பதா என்னும் கேள்வி கால்நடை மருத்துவத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், அதன் அடியில் அறவியல் சார்ந்த கேள்வி ஒன்று கிடக்கிறது: தன் உணவைத் தானே தேர்ந்துகொள்ள இயலாமல், மனிதனுக்காக உடல் தேய உழைக்கும் ஓர் உயிருக்கு நல்லது எது என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்வது? முழுமை உணவு என்பது நாய்க்கு வேண்டிய புரதம், கொழுப்பு, தாதுக்கள், உயிர்ச்சத்துகள் யாவும் உரிய விகிதத்தில் அமையுமாறு கணக்கிட்டுச் செய்யப்படுவது. வேறெதுவும் சேர்க்காமல் அதை மட்டுமே நாள்தோறும் கொடுத்து வரலாம். பச்சை உணவு என்பது சமைக்காத தசை இறைச்சி, எலும்பு, ஈரல் போன்ற உள்ளுறுப்புகள் ஆகியவற்றின் கலவை. அதன் விகிதத்தைப் பெரும்பாலும் நாயை வளர்ப்பவரே வகுத்துக்கொள்கிறார்.

ஆலை உணவின் வரலாறு 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர் விற்கத் தொடங்கிய நாய் பிஸ்கட்டுகளிலிருந்து தொடங்குகிறது. அதற்கு எதிரான குரலுக்கு நூல் வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். 1993இல் வெளியான அவருடைய நூலுக்குப் பிறகு பச்சை உணவு ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. அவ்வியக்கத்தின் வாதம் எளிமையானது: நாய் ஓநாயின் வழித்தோன்றல், ஓநாய் சமைத்து உண்பதில்லை, ஆகவே நாய்க்கும் சமைக்காத இறைச்சியே உரியது. முதல் இரண்டு கூற்றுகளும் உண்மைகள். மூன்றாவதோ ஒரு கடமையைச் சொல்கிறது. உள்ளதைச் சொல்லும் கூற்றுகளிலிருந்து செய்யத்தக்கதைச் சொல்லும் கூற்றுக்கு எப்படித் தாவ முடியும் என்று டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐயம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஜான் ஸ்டூவர்ட் மில்லின் மறைவுக்குப் பின் 1874இல் வெளியான, இயற்கையைப் பற்றிய அவருடைய கட்டுரை இந்தத் தாவலை இன்னும் நெருங்கிச் சோதிக்கிறது. இயற்கை என்பது உலகில் நிகழும் அனைத்தையும் குறிக்குமானால், அதைப் பின்பற்று என்னும் அறிவுரைக்குப் பொருளே இல்லை, ஏனெனில் எவராலும் அதை மீற முடியாது. மனிதனின் தலையீடின்றி நிகழ்வதை மட்டும் குறிக்குமானால், வீடு கட்டுவதும் நோய்க்கு மருந்து உண்பதும்கூட அதற்கு மாறானவையே. இவ்விரண்டாம் பொருளில் பார்த்தால் உழைக்கும் நாயே இயற்கையான உயிரன்று. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனின் குப்பைமேட்டிலும் அடுப்படியிலும் வளர்ந்து, மனிதன் வேண்டிய குணங்களுக்காகத் தெரிந்தெடுத்துப் பெருக்கிய உயிர் அது. இந்த வரலாறு அதன் உடலிலேயே பதிந்திருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சனும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் என்னும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயில் 2 படிகளாகவும் நாயில் 4 முதல் 30 படிகள் வரையிலும் இருப்பதைக் காட்டியது. சைபீரியன் ஹஸ்கி போன்ற வடதுருவப் பகுதி இனங்களில் இந்தப் படிகள் குறைவு. தானியம் விளையாத நிலத்தில் மீனும் கடல்நாய் இறைச்சியும் தின்று வாழ்ந்த மனிதரோடு அவை வாழ்ந்தன. ஆக, நாயின் இயல்பு என்று சொல்லப்படுவது அது யாரோடு வாழ்ந்தது என்பதைப் பொறுத்து வேறுபடுகிறது.

பச்சை உணவு வாதத்துக்கு இன்னும் மேன்மையான வடிவம் ஒன்றும் உண்டு. அதை எளிதாக ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. ஒவ்வோர் உயிருக்கும் அதற்கே உரிய நிறைவு ஒன்று உண்டு, அந்த நிறைவை எய்துவதே அதன் நன்மை என்பது அரிஸ்டாட்டில் வழிவந்த கருத்து. எலும்பைக் கடித்து, கிழித்து, நெடுநேரம் மென்று தின்னும்போது நாய் அடையும் மகிழ்ச்சி உண்மையானது. உலர் உருண்டைகளைச் சில நொடிகளில் விழுங்கிவிடும் நாய்க்கு அது கிடைப்பதில்லை. ஊட்டச்சத்துக் கணக்கு மட்டுமே ஓர் உயிரின் நன்மையை முடித்துவிடாது என்று பச்சை உணவை விரும்புவோர் சொல்வது சரியே. ஆனால் உழைக்கும் நாயின் நிறைவு மெல்லுவதில் மட்டும் இல்லை, ஓடுவதிலும் மந்தையை வளைப்பதிலும் தன் மனிதரோடு நலமாக வாழ்வதிலும் இருக்கிறது. உண்ணும் இன்பம் இவற்றைக் கெடுக்குமானால் அரிஸ்டாட்டிலின் அளவுகோலே அதற்கு எதிராகத் திரும்பும்.

அப்படிக் கெடுத்ததற்கு நியூசிலாந்தின் ஆட்டுப் பண்ணைகள் பெரும் சான்று. எக்கினோகாக்கஸ் என்னும், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நாடாப்புழு நாயின் சிறுகுடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லில் விழ, அந்தப் புல்லை மேயும் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் அவை நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. பண்ணையில் அறுத்த ஆட்டின் உள்ளுறுப்புகளை நாய்க்கு வீசும்போது சுழற்சி நிறைவடைகிறது. நாயைத் தடவிய கையோடு உண்ணும் மனிதரின், குறிப்பாகக் குழந்தைகளின், உடலுக்குள்ளும் அதே கட்டிகள் வளர்ந்து அறுவை சிகிச்சைக்கும் சில வேளைகளில் சாவுக்கும் இட்டுச் சென்றன. 1860களில் ஐஸ்லாந்தில் இந்நோயை ஆராய்ந்த டென்மார்க் அறிஞர் ஹரால்ட் கிராபே, உள்ளுறுப்புகள் நாய்க்குக் கிடைக்காமல் தடுக்குமாறு அந்நாட்டு மக்களுக்கு விளக்கி எழுதினார். அந்த வழியில் ஐஸ்லாந்து நோயை ஒழித்தது. நியூசிலாந்து 1959இல் தனிச் சட்டம் இயற்றி, பண்ணை நாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. நாயின் குடலைக் கழியச்செய்து புழுவைக் காண அப்போது பயன்பட்ட அரெக்கோலின் என்னும் மருந்து, தமிழர் வெற்றிலையோடு மெல்லும் பாக்கில் இருக்கும் பொருளே. 2002இல்தான் அந்நாடு நோயற்றதாக, அதுவும் தற்காலிகமாக, அறிவிக்கப்பட்டது. இந்த வரலாற்றில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு: புழுவைச் சுமந்த நாய் பெரும்பாலும் நோயின் அறிகுறி எதையும் காட்டுவதில்லை. தன் நாய் துள்ளி ஓடுவதைப் பார்த்து அதன் உணவு நல்லது என்று பண்ணையாளர் முடிவு செய்த அதே வேளையில், கேடு அண்டை வீட்டுக் குழந்தையின் ஈரலில் வளர்ந்துகொண்டிருந்தது. நாயின் உணவு நாய்க்கும் அதன் உடைமையாளருக்கும் மட்டும் உரிய விஷயம் என்ற எண்ணம் இங்கே உடைந்துபோகிறது.

இயற்கை அளவுகோலாகாது என்றால் வேறு எது? சமய மரபுகள் சுட்டும் விடை, கூலி. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்று விவிலியத்தின் உபாகமம் விதிக்கிறது; தன் விலங்குகளுக்கு உணவிடும் முன் ஒருவன் உண்ணலாகாது என்று யூதரின் மரபு நூலான தால்முத் சொல்கிறது. காட்டு விலங்கு கிழித்த இறைச்சியை மனிதர் உண்ணாமல் நாய்க்கு எறியுமாறு பணிக்கும் யாத்திராகம விதிக்கு உரை எழுதிய 11ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் ராஷி, இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவில் குரைக்காமலிருந்த நாய்களுக்கு இறைவன் தரும் கைம்மாறாக அதை விளக்குகிறார். எந்த உயிரின் கூலியையும் இறைவன் பிடித்து வைப்பதில்லை என்பது அவர் காணும் பாடம். குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை விலங்கு பிடித்துத் தந்ததை உண்ண அனுமதிப்பதன் வழி, நாயின் பயின்ற திறனை மதிக்கிறது. நெடுநாள் உண்மையாக உழைத்த நாய் கைம்மாறுக்கு உரியது என்று மெய்யியலாளர் கான்ட்டும் தம் அறவியல் விரிவுரைகளில் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் கடனை நாய்க்கு நேராகப் பட்டதாகக் கொள்ளாமல், மனிதநேயத்தைப் பேணும் பொருட்டானதாகவே அவர் கொண்டது போதாது. வலியும் பசியும் நாயுடையவை; கடனும் அதற்கே பட்டது.

உணவைக் கூலியாகக் கொண்டால், கொடுப்பவரின் கொள்கைக்கு அங்கே இடம் சுருங்கி, உழைப்பின் அளவும் உழைத்த உடலின் தேவையும் முன்னே வருகின்றன. அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் இடிடராட் பனிவண்டிப் பந்தயத்தில் ஓடும் நாய்க்கு ஒரு நாளில் 10,000 கிலோகலோரி அளவுக்கு ஆற்றல் வேண்டியிருக்கிறது. அதைக் கொழுப்பின்றித் தர இயலாது என்பதால், அங்குள்ள வண்டியோட்டிகள் கொழுப்பும் புரதமும் மிகுந்த உலர் உணவோடு இறைச்சியையும் மீனையும் வெந்நீரில் கலந்து கொடுக்கிறார்கள். பச்சையா, முழுமையா என்று அணி பிரிவதற்கு அவர்களுக்கு நேரமில்லை. மறுபுறம், வெறும் தசை இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுந்தும் கால்சியம் மிகக் குறைந்தும் இருப்பதால், அதை மட்டுமே தின்று வளரும் குட்டியின் எலும்புகள் வலுவிழக்கின்றன. எலும்பைச் சேர்த்தால் இக்குறை நீங்கலாம். ஆனால் பல் உடையும் ஆபத்தும் குடல் அடைபடும் ஆபத்தும் கூடவே வருகின்றன.

முழுமை உணவின் மீதும் குருட்டு நம்பிக்கை தகாது. 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலந்திருந்ததால் வட அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. ஆயினும் அந்த உணவுக்குத் தொகுதி எண்ணும், திரும்பப் பெறும் முறையும், பதில் சொல்ல வேண்டிய நிறுவனமும் இருந்தன. வீட்டில் கலக்கும் பச்சை உணவில் பிழை நேர்ந்தால் அதைக் கண்டறிய நாயின் உடல் ஒன்றே எஞ்சுகிறது. வாய் பேசாத உயிரை அத்தகைய சோதனைக்கு உட்படுத்தும் உரிமை எவருக்கும் எளிதில் வாய்த்துவிடாது.

ஆகவே, மந்தைகளோடும் குழந்தைகளோடும் வாழும் உழைக்கும் நாய்க்கு, அதன் வேலைக்கு ஏற்ற கொழுப்பளவு கொண்ட முழுமை உணவே அடிப்படையாக இருக்க வேண்டும். பச்சை இறைச்சியைச் சேர்க்க விரும்புவோர் ஊட்டச்சத்தில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரிடம் விகிதத்தைக் கேட்டு அறிந்து, நியூசிலாந்துப் பண்ணைகளில் அறிவுறுத்தப்படுவதுபோல் ஆட்டிறைச்சியைக் குறைந்தது 10 நாட்கள் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸில் உறையவைத்த பின்னரே கொடுக்க வேண்டும். ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் சமைக்காமல் கொடுக்கவே கூடாது.