சாட்சி மாற்றிச் சொன்னால்

நேற்று ஒன்று சொல்லி இன்று வேறொன்று சொல்பவனை உலகம் மதிப்பதில்லை. சொன்ன சொல்லில் நிற்காதவன் என்று அவனுக்குப் பெயரிட்டு விடுகிறோம். ஆயினும், நேற்றுத் தான் சொன்னது பிழையென்று இன்று கண்டுகொண்ட ஒருவன், கண்ட பின்னரும் பழைய சொல்லையே பற்றிக்கொண்டு நின்றானானால் அவனை என்னவென்று அழைப்பது? பெரிய வழக்குகளை வைத்து இக்கேள்வியை ஆராயப் புகுந்தால் கட்சியும் பகையும் குறுக்கே வந்து கண்ணை மறைக்கும். ஆகவே மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு விளையாட்டு. கணிப்பொறித் திரையில் ஆடப்படும் விடியோ விளையாட்டு. இளைஞர்களின் பொழுதுபோக்கில் ஓர் அரபி ஆசிரியனுக்கு என்ன அக்கறை என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். அவ்விளையாட்டின் பெயரே 'சாட்சி' என்பதுதான் என்னை முதலில் நிறுத்தியது.

'தி விட்னஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். நேரிற் பார்ப்பவன், பார்த்ததை எடுத்துச் சொல்பவன் என்னும் இரண்டு பொருளும் அச்சொல்லில் அடங்கும். அரபியில் 'ஷஹித' என்னும் வினையும் இவ்வாறே. உடனிருந்தான் என்பதும் சாட்சி சொன்னான் என்பதும் அதன் பொருள்களே. நாம் வழங்கும் 'சாட்சி' என்ற சொல்லோ, வடமொழியில் கண்ணைக் குறிக்கும் சொல்லின் வழியாக வந்தது. 'கரி' என்று இதற்கொரு பழந்தமிழ்ச் சொல் உண்டு. அச்சொல்லை மறந்துவிட்டோம், பொய்க்கரி சொல்வதை மட்டும் மறக்கவில்லை.

இவ்விளையாட்டை ஆக்கியவர் ஜோனதன் ப்ளோ என்னும் அமெரிக்கர். பெரும் நிறுவனங்களின் ஆணைக்கு உட்படாமல் தம் போக்கில் விளையாட்டுகளைச் செய்பவர்களுள் ஒருவர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரெய்டு' என்னும் விளையாட்டால் பெயர் பெற்றார். அதில் ஈட்டிய பணத்தை அடுத்த விளையாட்டில் போட்டு, அதுவும் போதாமற் கடன்பட்டு, சிறியதொரு குழுவுடன் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் உழைத்தார். 2016 ஜனவரி 26ஆம் நாள் 'தி விட்னஸ்' வெளிவந்தது. விலை 40 டாலர். இத்தகைய புதிர் விளையாட்டுகளை அதிற் பாதி விலைக்கும் குறைவாக வாங்கிப் பழகியிருந்தவர்கள் பலர், ஆடிப் பார்ப்பதற்கு முன்பே முகம் சுளித்தனர்.

ஆடுபவன் இருண்டதொரு சுரங்க வழியில் கண் விழிக்கிறான். எதிரே ஒரு கதவு. அதில் ஒரு பலகை. பலகையின் ஒரு முனையிலுள்ள வட்டத்தில் தொடங்கி மறுமுனை வரை கோடு இழுத்தால் கதவு திறக்கிறது. வெளியே ஒரு தீவு. காடும் பாலையும் சதுப்பும் சிதைந்த மாளிகைகளும் நடுவே ஒரு மலையும். மனிதர் எவருமில்லை, கற்சிலைகள் மட்டுமே நிற்கின்றன. இசையும் இல்லை, காலடி ஓசை, நீரின் சலசலப்பு, இலைகளின் அசைவு, அவ்வளவே. தீவெங்கும் 500க்கு மேற்பட்ட பலகைகள். எல்லாவற்றிலும் வேலை ஒன்றே: வட்டத்திலிருந்து முனைவரை கோடு இழுப்பது. ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு புது விதி உண்டு. அவ்விதியை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு சொல்கூட எழுதி வைக்கப்படவில்லை. எளிய பலகை ஒன்று, அதனிற் சற்றே கடினமானது ஒன்று, பிறகு தவறான எண்ணத்தை முறிக்கும் ஒன்று என அடுக்கிவைத்தே விதியை ஆடுபவனின் மனத்தில் ஏற்றுகிறார் ஆசிரியர். இலக்கணம் கற்பிக்கும் எவனும் இந்த இடத்தில் ஒரு கணம் தன் தொழிலை எண்ணி வெட்குவான். விதியை முதலிற் சொல்லி உதாரணத்தைப் பின்னர் ஓதுவித்தே நாம் முப்பது ஆண்டுகளைக் கழித்து விடுகிறோம்.

இனி, ஆடியவர்களின் சொல்லுக்கு வருவோம்.

முதல் ஓரிரு மணி நேரம் ஆடியவர்கள் பலர், இது கோடு இழுக்கும் வேலையேயன்றி வேறில்லை என்றனர். தீவு அழகியது, ஆனால் வெறும் அலங்காரம். ஒரு புத்தகத்தில் அச்சிட்டு விற்க வேண்டிய புதிர்களை நிலமெங்கும் இறைத்து வைத்து 40 டாலர் கேட்கிறார்கள் என்றனர். சிலருக்குத் தலை சுற்றி மயக்கம் வந்தது. அவர்கள் சொன்னவை எதுவும் பொய்யன்று. இரண்டு மணி நேரத்தில் காணக்கூடியது அதுதான்.

பதினொரு பகுதிகளிலிருந்து பதினொரு ஒளிக்கற்றைகளை மலையை நோக்கிச் செலுத்தலாம். ஏழு செலுத்தினாற் போதும், மலை திறக்கும். இதற்காக மலை உச்சிக்கு ஏறியவர்கள் பலருக்கு அங்கே ஒன்று நிகழ்ந்தது. உச்சியிலிருந்து கீழே நோக்கினால் ஆறு தெரிகிறது. பத்து மணி நேரமாக அதன் கரையில் நடந்து பழகிய ஆறுதான். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது அதன் ஒரு முனை வட்டமாக இருக்கிறது. அவ்வட்டத்திலிருந்து நீர் கோடாக நீண்டு வளைந்து சென்று முடிகிறது. பலகைகளிற் கண்ட அதே வடிவம்! வேடிக்கையாக, நம்பிக்கையின்றி, அந்த வட்டத்தின் மேல் விரலை அழுத்துகிறான் ஆடுபவன். கோடு ஒளிர்கிறது. ஆற்றின் வழியே அதனை இழுத்துச் செல்கிறான். முடிவில் தீவு அவனுக்கு விடை சொல்கிறது.

அப்போது அவன் உள்ளத்தில் நேர்வது மகிழ்ச்சி மட்டுமன்று. ஒருவகை அச்சமும் கலந்தது. ஏனெனில் திரும்பிப் பார்க்கும் இடமெல்லாம், மேகத்தின் விளிம்பில், மதிலின் நிழலில், படகின் பக்கத்தில், வட்டமும் கோடும் இருக்கின்றன. அவை புதிதாக வந்தவையல்ல. அவன் வந்த முதல் நாளிலிருந்தே இருந்தவை. அலங்காரம் என்று அவன் தீர்ப்பளித்த தீவுதான் அவனைச் சுற்றி நின்ற புதிர். பலகைகள் அதற்கான அரிச்சுவடி மட்டுமே. இந்த இடத்தில் முன்னர் ஏசியவர்கள் பலர் தம் சொல்லை மாற்றிக்கொண்டனர்.

கதை இங்கே முடிந்திருந்தால் பாடம் எளிதாக இருந்திருக்கும்: பொறுமையில்லாதவன் தவறினான், பொறுத்தவன் கண்டான் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கருத்து மீண்டும் மாறியது. தீவில் ஆறு கருந்தூண்கள் நின்று, கண்டுபிடித்த ஒவ்வொரு மறைபுதிரையும் கணக்கிட்டுக் காட்டுகின்றன. வியப்பாக இருந்தது, கணக்கு வந்தவுடன் கடமையாகி விட்டது. ஒரு புதிரை முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரு சொற்பொழிவுப் படத்தின் முன் காத்திருக்க வேண்டும்! ஆங்காங்கே கிடக்கும் ஒலிப்பதிவுக் கருவிகளில் ஐன்ஸ்டீன் முதலிய அறிஞர்களின் வாசகங்கள் ஒலிக்கின்றன. முதற்கேள்வியில் ஆழமாகத் தோன்றிய இவற்றைப் பின்னர் வெற்று ஆடம்பரம் என்றவர் உண்டு. மலையின் அடிக்குச் சென்று முடித்தவனை ஆசிரியர் தீவின் மேல் மிதக்கவிட்டு, அவன் செய்தவையெல்லாம் ஒவ்வொன்றாக அணைவதைக் காட்டி, தொடங்கிய இருட்டுக்கே திருப்பி அனுப்புகிறார். நாற்பது மணி நேரம் உழைத்தவர்களுக்கு இது முகத்தில் அறைந்தது போலிருந்தது. மாறாக, இதுவே முடிந்த முடிவு என்று போற்றியவரும் உண்டு. 2022இல் 'தி லுக்கர்' என்னும் நையாண்டி விளையாட்டு ஒன்று இலவசமாக வெளிவந்து, இதன் வீறாப்பை எல்லாம் எள்ளி நகையாடியது. மூலத்தை வெறுத்தவர்களும் விரும்பியவர்களும் சேர்ந்தே சிரித்தனர்.

கருத்து மாறாமலே போனவர்கள் சிலரையும் இங்கே மறந்துவிடக்கூடாது. காட்டுப் பகுதியின் புதிர்கள் பறவைகளின் குரலைக் கேட்டு விடுவிக்க வேண்டியவை. வேறொரு பகுதி நிறங்களைப் பிரித்தறிந்து விடுவிக்க வேண்டியது. செவிப்புலனோ நிறப்பார்வையோ குறைந்தவர்களுக்கு இவ்விடங்களில் பொறுமை எதனையும் திறந்து காட்டாது. பதினொன்றில் ஏழு போதும் என்பதால் அவர்கள் இவற்றைக் கடந்து செல்லலாம். அது வழிதான், ஆனால் நீதி என்று நான் சொல்லமாட்டேன். காத்திருந்தாற் காண்பாய் என்னும் அறிவுரை எல்லார்க்கும் பொருந்துவதன்று.

இத்தனை சாட்சியங்களில் எதனை ஏற்பது? கடைசியாகச் சொன்னதே சரி என்போம் பெரும்பாலும். நான் அதனை ஐயுறுகிறேன். நாற்பது மணி நேரம் வருந்தியவன் அந்த வருத்தம் வீணன்று என்று தன்னையே நம்பவைக்க வேண்டிய நிலையில் இருக்கிறான். அவன் புகழில் ஒரு பங்கு அவன் சிந்திய வியர்வைக்கு உரியது. அவன் சீற்றத்திலும் அவ்வாறே. முதலிற் சொன்னதோ, அறியாமையிற் சொன்னது. ஆயினும் அதற்கொரு தகுதி உண்டு. புதிர் என்பது ஒருமுறை விடை தெரிந்துவிட்டால் மறுபடி புதிராவதில்லை. ஆற்றை ஆறாக மட்டுமே பார்த்த கண், மலை ஏறி இறங்கியபின் அவனுக்கு என்றும் திரும்பக் கிடைக்காது. தெரியாமல் இருப்பது எவ்வாறிருந்தது என்பதற்கு, தெரியாமல் இருந்தபோது அவன் சொன்ன சொல்லே சாட்சி. விடைகளை வேறிடத்திற் பார்த்து ஆடியவனுக்கோ இரண்டு சாட்சியமும் இல்லை. அவன் அங்கே உடனிருக்கவில்லை. ஷஹித என்னும் வினை அவனுக்கு எழுவாய் தராது. (மலையடிக் குகையிலுள்ள ஒரு சோதனை ஒவ்வொரு முறையும் புதிதாகப் புதிர்களை ஆக்கி, பார்த்தெழுதும் வழியையே அடைத்துவிடுகிறது. தேர்வு நடத்துவோர் கவனிக்கத்தக்கது.)

ஃபிக்ஹு நூல்களில் சாட்சியத்திலிருந்து மீள்வதைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. தீர்ப்புக்கு முன் சாட்சி தன் சொல்லை மீட்டுக்கொண்டால் அச்சாட்சியம் வீழ்ந்துவிடும். பொருள் பற்றிய வழக்கில் தீர்ப்புக்குப் பின் மீட்டால், தீர்ப்பு மாறாது. ஆனால் அவன் சொல்லை நம்பியதால் பொருள் இழந்தவனுக்கு அச்சாட்சியே ஈடு செய்ய வேண்டும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. மாணவனாக இருந்தபோது இதனை மனனம் செய்தேனேயன்றி இதன் நுட்பத்தை உணரவில்லை. மீள்வது தடுக்கப்படவில்லை, மீள்பவன் தன் முந்திய சொல்லால் விளைந்ததைத் தோளில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே கருத்து.

விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' என்னும் மின்கடையில் வாங்கியவர் எவரும் தம் கருத்தை எழுதலாம். எழுதியதைப் பின்னர் திருத்தவும் செய்யலாம். பழைய வாசகத்தை அடியோடு அழித்துவிட்டு, முதலிலிருந்தே அறிந்தவர்போல் புதியதை எழுதுவது ஒரு வழி. பழையதை அப்படியே விட்டு, அதன் கீழே, இத்தனை மணி நேரத்திற்குப் பின் என் கருத்து இவ்வாறு மாறிற்று என்று சேர்த்து எழுதுவது மற்றொரு வழி. முன்னதில் கருத்து மட்டுமே இருக்கிறது. பின்னதில் மனிதனும் இருக்கிறான். புதிதாக வருபவன் தனக்கும் இந்தத் தடுமாற்றம் நேரும் என்பதை அதிலிருந்தே அறிகிறான். சொல் மாறியதில் குற்றமில்லை. மாறவில்லை என்று காட்டிக்கொள்வதில்தான் பொய்க்கரி பிறக்கிறது.

இதில் பணமும் கலந்திருக்கிறது. அக்கடையின் விதிப்படி, வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்கு மிகாமல் இருந்தால், பொருளைத் திருப்பிக்கொடுத்து விலையைப் பெறலாம். நல்ல விதிதான். ஆனால் இந்த விளையாட்டு தன் முகத்தைக் காட்டுவது பத்தாம் மணி நேரத்தில். தீர்ப்போ இரண்டாம் மணிக்குள் சொல்லப்பட வேண்டும்! அதற்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தந்தவனை நான் குறை கூற மாட்டேன். அவனைப் பார்த்து, இன்னும் பொறு என்று சொல்பவனுக்கே கடினமான கேள்வி இருக்கிறது. எதற்காகப் பொறுப்பது என்று அவன் கேட்டால் என்ன விடை சொல்வது? ஆற்றைப் பற்றிச் சொன்னால், அவன் தானே கண்டுபிடிக்க வேண்டியதைப் பறித்தவனாவான். சொல்லாவிட்டால், காரணம் காட்டாமல் அயலான் ஒருவனின் நாற்பது டாலரையும் பல மாலைப் பொழுதுகளையும் கேட்டவனாவான். கண்டதைச் சொல்ல முடியாத சாட்சியை எந்தக் காழி ஏற்பார்?

நானும் தப்பியவன் அல்லன். உறவினர் பிள்ளை ஒருவன் ஆடுவதை அருகிருந்து பார்த்து, அறிவுள்ளவர்கள் கோடு இழுத்துப் பொழுதைப் போக்குகிறார்களே என்று அவன் காதுபடவே சொன்னேன். பிறகு நானே கையில் எடுத்தேன். சதுப்பு நிலத்துப் புதிர்கள் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. ஒரு நாள் இரவு மலை மேல் நின்று கீழே பார்த்தேன். அப்பிள்ளை பக்கத்தில் இருந்தான். அவன் என்றோ கண்டதுதான், ஆனால் எனக்குச் சொல்லாமல் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஏசிய அன்றும் அவன் அதைச் சொல்லித் தன் பக்கத்து நியாயத்தை நிலைநாட்டவில்லை. அந்தச் சொல்லுக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

அவன் காத்த இரகசியத்தை நான் இந்தக் கட்டுரையில் காக்கவில்லை. ஆற்றைச் சொல்லிவிட்டேன், இதனைப் படித்த எவரும் இனி அந்த உச்சியில் வியந்து நிற்க இயலாது. சொல்லாமல் இந்த வழக்கை விளக்க எனக்கு வழி தெரியவில்லை. இழப்புக்கு என்னால் இயன்ற ஈடு ஒன்றுதான் உண்டு. அதைப் போன்றதே, அதனினும் பெரியதே, மற்றொன்று அந்தத் தீவில் இருக்கிறது. ஆடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எல்லாரும் அதனைக் கடந்துதான் போகிறார்கள். அது என்னவென்று நான் சொல்லப் போவதில்லை.