சொல்லாமல் விட்டதும் பொய்யாகுமா?

இல்லறத்தில் வாழும் சிராவகன் பொய் சொல்லலாகாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். குழந்தைப் பருவத்திலேயே நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் அது. ஆயினும் ஒரு பொய்யும் சொல்லாமல், வாய் திறவாமலே, பிறரைப் பெரும் நட்டத்தில் தள்ள முடியும் என்பதை அன்றாட வாழ்க்கை காட்டுகிறது. அத்தகைய மௌனம் வாய்மை என்னும் அணுவிரதத்திற்கு ஊறு செய்யுமா, செய்யாதா? இதுவே நாம் ஆராயப் புகும் வினா. வினா பழையது. அதற்கு எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி மட்டும் புதியது. பழைய காரை இணையதளத்தின் வழியாக விற்பதே அது.

பொன்னூர், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து தொழிலின் பொருட்டுத் தாம்பரம், மறைமலைநகர், செங்கற்பட்டு ஆகிய ஊர்களில் குடியேறிய நம்மவர் வீடுகள் சிலவற்றில் இன்று ஒரு கார் நிற்கிறது. அதை விற்க வேண்டுமாயின் முன்னெல்லாம் தெரிந்த மெக்கானிக்கிடமோ தரகரிடமோ சொல்லி வைப்பார்கள். 2015ஆம் ஆண்டில் தோன்றிய கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற நிறுவனங்கள் வேறு வழியைத் திறந்தன. வண்டியின் பதிவெண்ணையும் ஓடிய தூரத்தையும் கைப்பேசியில் குறித்தால் உத்தேச விலை ஒன்று வருகிறது. பின்னர் பரிசோதகர் ஒருவர் வீட்டிற்கே வந்து, வண்ணப் பூச்சின் கனத்தை அளந்து, எஞ்சினின் ஓசையைக் கேட்டு, படங்கள் எடுத்துச் செல்கிறார். சில நிறுவனங்கள் தாமே வாங்குகின்றன. சில, வியாபாரிகளுக்கிடையே இணையதளத்தில் ஏலம் விடுகின்றன. விலை ஒத்துவந்தால் பணம் வங்கிக் கணக்கிற்கு வந்துவிடுகிறது. கடைசியில் அவ்வண்டியை ஓட்டப் போகிறவர் யார் என்பது விற்பவருக்குத் தெரிவதே இல்லை.

இங்கேதான் நம் பகுதியின் நிலை கருத்தில் கொள்ளத்தக்கது. 2015 டிசம்பர் 1, 2 நாட்களில் பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. முடிச்சூர்ப் பகுதி வெள்ளக்காடாயிற்று. வாசலில் நின்ற கார்கள் இருக்கை மட்டத்திற்கு மேல் நீரில் மூழ்கின. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. புயல் இல்லாத நாட்களிலும் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து வண்டியின் அடித்தளத்தில் படிய வைக்கிறது. மேலே வண்ணம் பளபளக்க, கீழே தகடும் பிரேக் குழாயும் துருவேறுகின்றன.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவி உலர்த்தினால் சில மாதங்கள் நன்றாகவே ஓடும். ஆனால் மின்கம்பி இணைப்புகளுக்குள் தங்கிய ஈரம் மெல்ல மெல்ல அரிக்கிறது. ஓடுகின்ற வண்டி திடீரென நின்றுவிடலாம். விபத்தின்போது விரிய வேண்டிய காற்றுப்பை விரியாமலே போகலாம். இக்குறையை அரை மணி நேரச் சோதனையில் கண்டுபிடிப்பது அரிது. அறிந்தவர் ஒருவரே, அவர் விற்பவர்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அவர்களுடைய கார் ஒருமுறை நீரில் மூழ்கியது. பழுது பார்த்து ஓட்டினார்கள். இப்போது மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக அதை விற்க வேண்டும். உண்மையைச் சொன்னால் 2,40,000 ரூபாய். சொல்லாவிட்டால் 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 60,000 ரூபாய் அக்குடும்பத்திற்குச் சிறிய தொகையன்று. வந்த பரிசோதகரோ அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, கண்டுபிடிக்கவும் இல்லை. அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பேசாதிருக்கலாம் என்பதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுவதுண்டு. வாங்குவது ஏழை எளியவர் அல்லர், பெரிய நிறுவனம். அதனிடம் கருவியும் வல்லுநரும் உள்ளனர் என்பது ஒன்று. அந்நிறுவனமே முதலில் கூடுதல் விலையைக் காட்டி ஆசையூட்டி, பின்னர்க் குறைக்கிறது. அதனிடம் நாம் மட்டும் ஏன் திறந்த மனத்துடன் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. சட்டம் இதைக் குற்றம் என்று சொல்லவில்லையே என்பது மூன்றாவது. இவற்றை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் மோசடி இன்னது என வரையறுக்கிறது. வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது என்று கூறி, அதற்கு எடுத்துக்காட்டாகக் குதிரை விற்பனையைக் காட்டுகிறது. தன் குதிரைக்கு நோய் உண்டென்று அறிந்தவன் அதை ஏலத்தில் விற்கிறான்; வாங்குபவனிடம் எதுவும் சொல்லவில்லை. இது மோசடியன்று. அடுத்த எடுத்துக்காட்டு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வாங்குபவள் அவனுடைய சொந்த மகள். அப்போதுதான் வயது வந்தவள். அங்கே உறவின் காரணமாகவே உண்மையைச் சொல்லும் கடமை அவனுக்கு உண்டு. மூன்றாவதில், நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாயிருப்பதாகவே கொள்வேன் என்று வாங்குபவன் சொல்லிவிடுகிறான். அதன் பிறகு விற்பவனுடைய மௌனம் பேச்சுக்குச் சமமாகிறது. அறிந்த குறையை முயன்று மறைப்பது எந்நிலையிலும் மோசடியே என்றும் அதே பிரிவு கூறுகிறது.

குதிரையின் இடத்தில் காரை வைத்துப் பார்த்தால் பல ஐயங்கள் தீர்கின்றன. துருவின்மேல் புதிய வண்ணம் பூசுவதும், ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவதும் மௌனம் அல்ல, வெளிப்படையான வஞ்சனை. விபத்து நேர்ந்ததா, வெள்ளத்தில் மூழ்கியதா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று குறியிட்டால் அது வாயால் சொன்ன பொய்யே. எஞ்சி நிற்பது ஒன்றுதான்: கேட்கவும் இல்லை, நாம் மறைக்கவும் இல்லை, ஆனால் சொல்லவும் இல்லை. இதைச் சட்டம் விட்டுவிடுகிறது. அறமும் விட்டுவிடுகிறதா?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமத்த யோகத்தை அதன் வேராகக் காட்டுகிறார். ஆசை, சினம் முதலிய கஷாயங்களால் மயங்கிய மனம், மொழி, மெய்களின் செயலே பிரமத்த யோகம். அடுத்துவரும் பொய்க்கும் களவுக்கும் உரையாசிரியர்கள் அதையே வேராகக் கொள்கின்றனர். ஆகவே நாவிலிருந்து ஒலி புறப்பட்டதா என்பது மட்டும் கேள்வியன்று. எந்த மனநிலையிலிருந்து செயல் பிறந்தது என்பதே கேள்வி. மறதியால் சொல்லாமல் விட்டவர் வேறு. சொன்னால் 60,000 ரூபாய் போய்விடும் என்று கணக்கிட்டு வாய் மூடியவர் வேறு. பின்னவருடைய மௌனத்திற்குள் லோபம் வேலை செய்கிறது.

கள்ளாமை விரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களுள், குறைந்த அளவையால் கொடுத்தலோடு, போலியை நல்லதாக விற்கும் பிரதிரூபக வியவகாரமும் எண்ணப்படுகிறது. மூழ்கிய வண்டியை மூழ்காத வண்டியின் விலைக்குக் கொடுப்பது இதற்கு மிக அருகில் நிற்கிறது. சமந்தபத்திர ஆசாரியரோ இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பிறருக்குக் கேடு தரும் உண்மையையும் இல்லறத்தான் சொல்லலாகாது என்கிறார். விளையும் தீங்கை வைத்தே சொல்லை எடைபோட வேண்டும் என்பது இதன் கருத்தாயின், சொல்லாமையையும் அதே தராசில் வைப்பதுதானே முறை?

இனி, வாங்குவது பெரிய நிறுவனம் என்ற வாதம். நிறுவனம் காரை ஓட்டுவதில்லை. அது இன்னொருவருக்கு விற்கிறது. கடைசியில் அதில் ஏறி அமர்பவர்கள், புதிய கார் வாங்க வசதியில்லாத ஒரு குடும்பத்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து செல்லும்போது பிரேக் பிடிக்காமல் போனால் துன்புறுவது அவர்களும், எதிரே வருபவர்களும், சாலையைக் கடக்கும் வாயில்லா உயிர்களுமே. சட்டம் மகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. எல்லா உயிரும் ஒன்றுக்கொன்று துணை என்று கற்ற நமக்கு, முகம் தெரியாத அந்தக் கடைசி மனிதரும் அம்மகளின் இடத்தில் நிற்பவரே.

நிறுவனம் ஏமாற்றுகிறது என்ற வாதத்திற்கும் விடை உண்டு. விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கலாம்; நான்கு இடங்களில் கேட்டு மிகுந்த விலைக்குக் கொடுக்கலாம். அதில் குற்றமில்லை. மிகுபொருள் விரும்பாமை என்பது நியாயமான விலையைக் கைவிடுவதன்று. ஆனால் பிறருடைய குறை நமக்கு அனுமதிச் சீட்டாகாது.

இம்மௌனத்தால் சமுதாயத்திற்கு நேரும் கேட்டை, ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையையே சான்றாகக் கொண்டு விளக்கினார். நல்ல வண்டியையும் பழுதான வண்டியையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குபவர் எல்லாவற்றிற்கும் குறைந்த விலையே தர முன்வருகிறார். நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுகிறார், பழுதானவையே மிகுகின்றன. 2001இல் வேறு இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வுகளுள் இது முதன்மையானது. மறைப்பவரின் ஆதாயத்திற்கு, மறைக்காதவர் விலை கொடுக்கிறார் என்பது இதனால் புலனாகிறது.

அப்படியானால் ஒவ்வொரு கீறலையும் பட்டியலிட்டு ஒப்புவிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. யாவரும் அறிந்ததையும் சொல்ல வேண்டியதில்லை. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, மறைமலைநகரில் செய்யப்பட்ட கார்களின் மறுவிற்பனை பற்றிய கவலை எழுந்தது. அது செய்தித்தாளில் வந்த செய்தி, விற்பவர் மறைக்கக்கூடியதன்று. காண இயலாததும், நாம் மட்டுமே அறிந்ததும், உயிருக்கோ பெரும்பொருளுக்கோ கேடு தருவதுமான குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அதையும் வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் கொடுத்து, படி ஒன்றை வைத்துக்கொள்வது நன்று. உயிருக்கே ஆபத்தான குறையாயின் சரிசெய்த பின்னரே விற்க வேண்டும். சரிசெய்ய இயலாதாயின் உடைப்பிற்கே கொடுக்க வேண்டும்.

உரிமை மாற்றத்திலும் இதே கவனம் தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. விற்ற பின்னும் பொறுப்பு தொடரலாம் என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. பதிவேட்டில் பெயர் மாறினாலும், தெரிந்தே மறைத்த வினையின் பயனை மாற்றி எழுதும் அலுவலகம் எதுவும் இல்லை.

மேலே கூறிய குடும்பத்திற்கு இது கடினமான அறிவுரைதான். 60,000 ரூபாயை இழந்துவிடுங்கள் என்று பிறருக்குச் சொல்வது எளிது. ஆகவே சமுதாயத்திற்கும் ஒரு கடமை உண்டு. உண்மை சொல்லி நட்டமடைந்தவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று நகைப்பதை நாம் நிறுத்த வேண்டும். அத்தகைய வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு தடைப்படாமல் வசதியுள்ளவர் கைகொடுக்க வேண்டும். விரதம் காப்பது தனி மனிதர் செயலாயினும், காப்பவருக்குத் துணை நிற்பது சங்கத்தின் செயல். படிவத்தில் 'வெள்ளத்தில் மூழ்கியது' என்று தந்தை எழுதுவதை அருகிலிருந்து காணும் பிள்ளை, வாய்மை இன்னது என்பதை நூல் இன்றியே கற்றுக்கொள்ளும்.