இழுக்க ஒரு கயிறு

கொட்டாஞ்சேனையில் சற்று உயரமான மொட்டைமாடி எதிலும் ஏறி நின்றால், கோபுரங்களுக்கும் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்துக்கும் அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். ஒவ்வொன்றின் உச்சியிலும் கண்ணாடித் தரை போட்ட சிறு கூண்டு. அதற்குள் நாள் முழுக்கக் கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தபடி ஒரு மனிதர். இதுவரை நாம் அறிந்த துறைமுகம் அதுதான்.

2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய கொழும்பு மேற்கு சர்வதேச முனையம் அந்தப் படத்தை மாற்றுகிறது. அதானி குழுமத்துக்கு 51 சதவீதம், ஜோன் கீல்ஸுக்கு 34, துறைமுக அதிகார சபைக்கு 15 என்று பங்கு பிரிந்திருக்கும் இம்முனையம், கொழும்பின் ஆழ்கடல் முனையங்களில் முழுத் தானியக்கம் என்ற அடையாளத்தோடு வந்த முதலாவது. 1,400 மீற்றர் நீளம், 20 மீற்றர் ஆழம், இருபதடிக் கொள்கலன் கணக்கில் ஆண்டுக்கு 32 இலட்சம். இத்தகைய முனையங்களில் கூண்டு காலியாகிவிடும். கட்டுப்பாட்டு அறையின் குளிரில், திரைகளுக்கு முன்னால் இருப்பவர் ஒரே நேரத்தில் பல இயந்திரங்களைக் கவனிப்பார். இயந்திரம் தடுமாறிக் கேட்கும்போது மட்டும் கை வைப்பார்.

எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதுதான் உடனே எழும் கேள்வி. வேலை போகிறவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி இல்லைதான். ஆனால் அதற்குள் ஒளிந்து நிற்கும் இன்னொன்றை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை: இயந்திரத்தின் அருகில் மிஞ்சி நிற்பவர் யார்? அவர் வேலை செய்கிறவரா, அல்லது விபத்து நடந்தால் கையெழுத்துப் போட்டுப் பழி ஏற்பதற்காக வைக்கப்பட்டிருப்பவரா? ஒருவரால் நிறுத்த முடியாத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாளி ஆக்குவது அறமா?

இதற்கு முன் துறைமுகத்தில் எழுந்த கேள்வி வேறு. 2021 பெப்ரவரி 1ஆம் திகதி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பணிந்து, கொழும்பின் கிழக்கு முனையத்தைத் துறைமுக அதிகார சபையே நடத்தும் என்று அரசு அறிவித்தது. அந்தப் போராட்டத்தின் நடுப்புள்ளி உடைமை: முனையம் யாருடையது? நியாயமான கேள்வி. ஆனால் உடைமை யாரிடம் இருந்தாலும், அறைக்குள் இருக்கும் நாற்காலி எப்படி வடிவமைக்கப்படுகிறது என்பது தனி விவகாரம். அரசு போட்ட நாற்காலியிலும் ஒருவரைக் கட்டிப்போட முடியும்.

பழைய வேலையை எண்ணிப் பெருமூச்சு விடுவதற்கும் இங்கே இடமில்லை. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் மூட்டையும் கைவண்டியுமாகப் போகும் நாட்டாமைகளின் முதுகைப் பார்த்தவர் எவரும், மனித உடல் சுமந்தே தீரவேண்டும் என்று வாதாட மாட்டார். சுமையை இயந்திரம் எடுத்துக்கொள்ளட்டும். அது வாசலைத் திறக்கவும் கூடும். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் தானியங்கிப் பாரந்தூக்கிகளை உள்ளூர்ப் பெண்கள் இயக்குகிறார்கள். மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்கு நாற்பது மீற்றர் உயரக் கூண்டை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். திரைக்கு முன்னால் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் சுமையோடு சேர்த்து இன்னொன்றும் கைமாறுகிறது. கப்பல் தட்டில் நின்று கை காட்டுகிற ஆள் கையை உயர்த்தினால் மேலே தொங்கும் பாரம் நிற்கும். அவருக்குச் சம்பளம் குறைவு. ஆனாலும் அந்த ஒரு கணத்தில் அவர் சொல்வதே முடிவு.

நிறுத்தும் அந்த அதிகாரத்துக்கு இந்த நகரத்தில் ஒரு வரலாறு உண்டு. இன்று ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையின் நிலம். 1933இல் சம்பளக் குறைப்பை எதிர்த்து அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில்தான் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் தொழிற்சங்கத் தலைமைக்கு வந்தார்கள். நம் மொழி அதற்கு வைத்திருக்கும் பெயரைக் கவனிக்க வேண்டும்: வேலை ‘நிறுத்தம்’. தனி ஒருவரால் ஒரு நிமிடம்கூட நிறுத்த முடியாத இடத்தில், எல்லோரும் சேர்ந்து நாட்கணக்கில் நிறுத்தினார்கள்.

தறி உலகத்திலிருந்தே இதற்கு வேறொரு வழியும் வந்தது. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். குறையோடு துணி நெய்துகொண்டே போகாது. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். அவருடைய குடும்பம் பிறகு மோட்டார் வண்டி செய்யத் தொடங்கியபோது அதே எண்ணம் ஆலைக்குள் வந்தது: தலைக்கு மேலே ஒரு கயிறு. பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். உடனே தீராவிட்டால் முழு வரிசையும் நிற்கும்.

தமிழருக்குக் கயிறு புதிதல்ல. அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் தன் கட்டில் தலைமாட்டில் மணி கட்டி, அதன் நீண்ட கயிற்றை வெளியே விட்டிருந்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. எதிரிப் பக்கத்து நூலே ஒப்புக்கொண்ட நீதி அது. தேர்ச்சில்லில் கன்றை இழந்த பசு வந்து அந்தக் கயிற்றை இழுத்தது. தேரில் போன அரசனின் மகன் வேண்டுமென்று கொல்லவில்லை என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. கதையின் கொடூரமான முடிவை விட்டுவிடலாம். மணி தொங்கிய இடத்தைத்தான் பார்க்க வேண்டும்: தூக்கம் கெடவேண்டியவனின் தலைமாடு.

இழுத்தாலும் மணி ஒலிக்காத பணியிடம் எப்படி இருக்கும் என்பதைப் பிரித்தானியத் தபால் துறை காட்டியது. ஹொரைசன் என்ற கணினி முறை கணக்கில் பணம் குறைகிறது என்றது. கிளைத் தபாலகம் நடத்தியவர்கள், அவர்களில் தெற்காசியர் பலர், தாங்கள் எடுக்கவில்லை என்றார்கள். கணினி ஒழுங்காகவே இயங்கியது என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே சட்ட அனுமானம். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். மென்பொருளில்தான் பிழை என்று 2019இல் நீதிமன்றம் சொல்லி, 2024இல் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தண்டனைகளை அழித்தது. மனிதருக்கும் இயந்திரத்துக்கும் கணக்கு முரண்படும்போது நிரூபிக்க வேண்டியவர் யார் என்பதைப் பணியிடத்தின் முதல் நாளிலேயே தீர்மானிக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு தீர்மானித்தால் பலவீனமானவர்தான் மாட்டுவார்.

எதிர்வாதம் வலுவானது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பணம். சிங்கப்பூர் துவாஸில் தானியங்கித் துறைமுகத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, கொழும்பில் ஆளாளுக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தால் கப்பல் வேறு பக்கம் திரும்பிவிடும். அது மெய்தான், கப்பல் வராவிட்டால் காக்கவேண்டிய வேலையும் இராது. ஆனாலும் இந்த வாதம் ஒன்றை மறைக்கிறது. வேகத்தின் இலாபம் பங்குக் கணக்குப்படி பிரிகிறது. வேகத்தின் ஆபத்தோ அறையில் இருப்பவர் தலையில் மட்டும் விழுகிறது. இலாபத்தைப் பகிராவிட்டாலும் பழியையாவது பகிர்ந்துகொள்ள வேண்டாமா?

கயிறு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எப்போது இழுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். தானியக்கத்தின் முரண்களைப் பற்றி லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இலேயே எழுதினார்: வழக்கமான வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, மிகக் கடினமான தருணத்தை மட்டும் மனிதருக்கு விட்டுவைக்கிறோம், ஆனால் வழக்கமான வேலையால்தான் அவருடைய கை பழகியிருந்தது. கூண்டில் ஒருநாளும் இருந்து பாராத ஒருவர், காற்றில் ஆடும் கொள்கலனைத் திரையில் பார்த்து நிலைமையை மட்டிடுவது எப்படி? ஆகவே வாரத்தில் சில மணித்தியாலமாவது இயந்திரத்தை விலக்கிவைத்துக் கையால் ஓட்டவிட வேண்டும். கணக்குப் பார்ப்பவருக்கு அது வீண்செலவாகத்தான் தெரியும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முழுக்கத் தானியங்கியாக எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையைத் தருகிறது. தாளில் அதுவும் ஒரு கயிறுதான். நடைமுறைக்கு வரும் நாள்தான் தள்ளிப்போனது.

இதற்கிடையில் எதிர்காலப் பணியிடம் காலி வீதிக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடைகளின் வாசலில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் காத்து நிற்கும் மோட்டார் சைக்கிள் இளைஞர்களுக்கு மேற்பார்வையாளர் கிடையாது. கைத்தொலைபேசிச் செயலிதான் எல்லாம். கடை சமைத்து முடிக்கவில்லை, கடல் பக்கமிருந்து மழை வருகிறது, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘உதவி’ என்று எழுதிய இடத்தை அழுத்தினால் உடனே பதில் வரும். மூன்று விருப்பங்கள் இருக்கும். மழை அவற்றில் ஒன்றாக இருக்காது.