கரை காப்பது யார்மீது கடமை?



ஹிஜ்ரி 1415-ஆம் ஆண்டு ரமலான் பிறை பிறந்த நாட்களை, அதாவது 1995 ஜனவரி முடிந்து பிப்ரவரி தொடங்கிய நாட்களை, ஹாலந்து தேசத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். பெருமழையால் ரைன் நதி பெருகி வந்தது. அந்நாட்டுக்குள் அது நுழையும் லோபித் என்னும் இடத்தில் வினாடிக்குச் சுமார் 12,000 கன மீட்டர் தண்ணீர் ஓடிற்று. வால், மாஸ் நதிகளை அடுத்த தாழ்ந்த பூமியிலிருந்து சுமார் 250,000 ஜனங்கள் வீடு வாசலைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். ஆடு மாடுகளை லாரி லாரியாக ஏற்றினார்கள். அவ்வட்டாரத்தில் குடியிருந்த துருக்கி, மொராக்கோ முஸ்லிம்களும் நோன்பு பிறக்கும் வேளையில் மூட்டை கட்டும்படி ஆயிற்று.

அங்கே வெள்ளக் காலத்தில் நதி, வீட்டு வாசலைவிட உயரத்தில் ஓடும். நடுவே நிற்பது ஒரு மண் கரைதான். தண்ணீர் கரைமேல் வழிந்தால்தான் ஆபத்து என்று நாம் நினைப்போம். அது பாதிதான் சரி. பல நாள் நனைந்த கரை, தேத்தண்ணீரில் தோய்த்த ரொட்டியைப் போல உள்ளே இளகி, திடீரெனச் சரிந்துவிடும். இன்னொன்று, கரைக்கு அடியிலுள்ள மணல் வழியாகத் தண்ணீர் புகுந்து, மறுபக்கத்து வயலில் ஊற்றாகக் கிளம்பும். ஊற்று தெளிவாக இருந்தால் அவ்வளவு பயமில்லை. மணலைக் கொண்டுவந்தால், கரையின் அடிவயிறு காலியாகிறது என்று அர்த்தம். விஷயம் தெரிந்தவர்கள் அந்த ஊற்றை அடைக்கமாட்டார்கள். அடைத்தால் வேறோரிடத்தில் பொங்கும். அதைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்றுக் கட்டுப்போல் அடுக்கி, உள்ளே தண்ணீரை நிற்கவிடுவார்கள். நின்ற தண்ணீரின் பாரமே கீழிருந்து வருவதை அமுக்கும்.

இதையெல்லாம் இரவிலும் கைவிளக்கோடு நடந்து பார்ப்பதற்கு, ஊர்க்காரர்களே சேர்ந்த கரைக்காவல் படை உண்டு. ஓக்தன் என்ற சிற்றூரில் கரை ஆட்டங்கண்டபோது சிப்பாய்களும் மற்றவர்களும் மணல் மூட்டை அடுக்கித் தாங்கினார்கள். அரிசி மூட்டை தூக்கிப் பழகிய நமக்கு, குளிரில் நனைந்த மணல் மூட்டை என்ன பாரம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. கரைகள் நின்றன. அல்ஹம்துலில்லாஹ்.

மதுரஸாவில் பர்ளு ஐன், பர்ளு கிஃபாயா என்று ஓதியிருக்கிறோம். ஜனாஸாத் தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் ஊரார் அனைவர் கடமையும் நீங்கும். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். ஹாலந்து உழவர்கள் நமது பிக்ஹு நூலை ஓதியவர்கள் அல்லர். ஆயினும் தண்ணீர் அவர்களுக்கு இதற்கு நெருங்கிய பாடத்தைப் போதித்தது. 13-ஆம் நூற்றாண்டு முதலே கரை காக்கும் சபைகள் அங்கே உண்டு. நிலம் உள்ளவன் தன் பங்குக் கரையைத் தானே செப்பனிட வேண்டும். முடியாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் நட்டுவிட்டுப் போவான். அதைப் பிடுங்கி எடுப்பவனுக்கு நிலமும் சேரும், கரைப் பாரமும் சேரும். கடுமையான சட்டம்தான். ஏழை விதவை என்ன செய்திருப்பாள் என்று நம் மனம் கேட்கிறது. ஆனால் ஒருவன் பங்கு பலவீனமானால் அத்தனை பேர் வீடும் மூழ்குமே! இப்போது அந்தச் சபைகளுக்கு ஜனங்கள் வாக்களித்து அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வரி கொடுக்கிறார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமை புகாரி ஷரீபில் உள்ளது. கீழ்த்தட்டில் உள்ளவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறி இறங்கி மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பானேன் என்று, தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட நினைத்தார்கள். மேலே உள்ளவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள், விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள் என்பது அதன் கருத்து. ஓட்டை போட நினைத்தவர்களின் எண்ணம் கெட்டதல்ல என்பதைக் கவனியுங்கள்!

ஸபா கூட்டத்தாரின் அணை உடைந்த சரித்திரம் திருமறையில் அவர்கள் பெயராலேயே அமைந்த சூராவில் வருகிறது. இருபுறமும் தோட்டம் பெற்றிருந்தும் நன்றி மறந்தார்கள். ஏமன் நாட்டு மஃரிப் அணையை அல்லாஹ் எலிகளைக்கொண்டு அரிக்கச் செய்தான் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் சிலர் எழுதுகிறார்கள். எலியாவது அணையை உடைப்பதாவது என்று சிரிப்பவர்கள் ஹாலந்துக்குப் போய்ப் பார்க்கட்டும். கரையில் வளை தோண்டும் ஒருவகை நீரெலியைப் பிடிப்பதற்கென்றே அந்தச் சபைகள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன!

1995-க்கு முன்பே கரைகளைப் பலப்படுத்தத் திட்டம் இருந்தது. பழைய வீடுகள் இடிபடும், கரையோரத்து அழகு கெடும் என்று ஆட்சேபித்ததால் பல இடங்களில் வேலை வருஷக்கணக்கில் தாமதித்தது. அந்த ஆட்சேபத்தை முழுவதும் பிழை என்று நாம் சொல்லமாட்டோம். பாட்டனார் கட்டிய வீட்டை யார்தான் மனமுவந்து கொடுப்பார்கள்? ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் யோசனையே மாறிற்று. கரையை உயர்த்திக்கொண்டே போவது மட்டும் போதாது, நதிக்கும் இடம் விடவேண்டும் என்று கண்டார்கள். நைமேகன் நகருக்கு எதிரே லெந்த் என்ற ஊரில் கரையைச் சுமார் 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, நதிக்குப் புதிதாக ஒரு கால்வாயும் வெட்டினார்கள். அதற்காகச் சுமார் 50 வீடுகள் போயின.

வீட்டுக்குக் கிரயம் உண்டு. பிறந்த இடத்துக்கு என்ன கிரயம்? நைமேகனில் இன்று நனையாமல் உறங்குகிறவர்கள் அந்த 50 குடும்பத்தாருக்கும் கடன்பட்டவர்கள். யா அல்லாஹ், பிறர் வீடு நிற்பதற்காகத் தம் வீட்டைக் கொடுத்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைக் கொடுத்தருள்வாயாக! ஆமீன்.