சமாதி: நிலை, நிகழ்வு, இடம்

தமிழில் 'சமாதி' என்னும் சொல் நான்கு பொருள்களில் வழங்குகிறது. யோகி தன்னை மறந்து ஒன்றில் ஒடுங்கியிருக்கும் நிலை சமாதி. அவர் உடலை விட்டு நீங்கும் நிகழ்வும் சமாதி. அந்த உடலை உட்கார்ந்த வாக்கில் குழிக்குள் இறக்கி மூடும் கிரியை சமாதி. மூடிய இடத்தின்மேல் எழும்பும் கட்டடமும் சமாதிதான். எது எங்கே என்பதை வினைச்சொல்லே தீர்மானிக்கிறது. 'சமாதி ஆனார்', 'சமாதி அடைந்தார்' என்றால் நிகழ்வு. 'சமாதி வைத்தார்கள்' என்றால் கிரியை. 'சமாதிக்குப் போய்வந்தோம்' என்றால் இடம். 'சமாதியில் இருக்கிறார்' என்னும் தொடர் மட்டும் பிடிகொடுக்காது. தியானத்தில் அமர்ந்திருப்பவரையும் அப்படிச் சொல்லலாம், நூறாண்டுக்கு முன் மறைந்தவரையும் அப்படிச் சொல்லலாம். பக்தர்கள் வேண்டுமென்றே இந்த இரட்டைப் பொருளை விட்டுவைத்திருக்கிறார்கள். 'காலமானார்', 'இறைவனடி சேர்ந்தார்' என்பவை சாவை நயமாகச் சொல்லும் மங்கல வழக்குகள். 'சமாதி ஆனார்' என்பது அந்த வகையில் சேராது. நடந்தது சாவே அல்ல என்று அது வாதிடுகிறது.

சொல்லின் தொடக்கத்தில் சாவின் சாயலே இல்லை. சம், ஆ என்னும் முன்னொட்டுகளோடு 'வைத்தல்' என்று பொருள்படும் வடமொழி வேர் சேர்ந்து, சிதறிக் கிடப்பதை ஒருங்கே வைத்தல் என்ற பொருளைத் தருகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் இயமம், நியமம் என்று தொடங்கும் எட்டு அங்கங்களின் முடிவில் சமாதியை வைக்கிறது. பௌத்தத்தின் எண்வழி நெறியிலும் எட்டாவது அங்கம் நற்சமாதி. இரண்டு நூல் மரபிலும் அது உயிரோடு இருப்பவர் பழகி அடையவேண்டிய மன ஒருமை. புத்தர் மறைந்ததைக் குறிக்கப் பௌத்தர்கள் 'பரிநிர்வாணம்' என்ற வேறு சொல்லை வைத்துக்கொண்டார்கள்.

சாவோடு இந்தச் சொல்லை நேராக இணைத்தவர்களில் சமணர்கள் முக்கியமானவர்கள். உண்ணாநோன்பிருந்து, மனம் கலங்காமல், தாமே உடலைக் கைவிடும் சல்லேகனையை அவர்கள் 'சமாதி மரணம்' என்றும் அழைத்தனர். அத்தகைய மரணத்தின் நினைவிடத்துக்கு நிசீதிகை என்று பெயர். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் உள்ள பழைய தமிழ்க் கல்வெட்டு, 57 நாள் நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் குறிக்கிறது. ஆனாலும் சமண வழக்கில் 'மரணம்' என்ற சொல் வெளிப்படையாகவே நிற்பதைக் கவனிக்கவேண்டும். அங்கே சமாதி என்பது மரணம் எப்படிப்பட்டது என்று சொல்லும் அடைமொழி மட்டுமே. சைவமும் சித்தர் மரபும் பின்னாலிருந்த மரணத்தை எடுத்துவிட்டு அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டன.

தமிழில் இந்த வழக்குக்கு அடிப்படை நூல் திருமந்திரம். மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் சமாதியை யோக நிலையாகப் பேசுகிறார். ஏழாம் தந்திரத்தில் 'சமாதிக் கிரியை' என்ற தலைப்பில் ஞானியின் உடலை அடக்கம் செய்யும் முறையைப் பேசுகிறார். ஒரே நூலுக்குள் ஒரே சொல் நிலையிலிருந்து சடங்குக்கு நகர்ந்துவிடுகிறது. ஞானியின் உடலைத் தீயில் இட்டால் நாடு வெம்பும் என்பது அவர் எச்சரிக்கை. ஒன்பது சாண் ஆழத்தில் முக்கோண வடிவில் குகை அமைத்து, பதுமாசனத்தில் உடலை இருத்தி, திருநீறும் நறுமணப் பொருள்களும் இட்டு நிரப்பி, மேலே மேடை கட்டி, அதில் சிவலிங்கமோ அரசங்கன்றோ வைக்கவேண்டும் என்கிறார். இடங்களையும் பட்டியல் இடுகிறார்: சொந்த மனை, சாலை ஓரம், குளக்கரை, ஆற்றிடை, மலர்ச்சோலை, ஊரின் நல்ல நிலம், காடு, மலைச்சாரல். பட்டியலில் சுடுகாடு இல்லை.

எரிக்காததற்கு வேறொரு காரணமும் மரபில் உண்டு. துறவு பூணும்போதே ஒருவர் வேள்வித்தீயைத் துறக்கிறார். தனக்குத்தானே ஈமக்கடனும் செய்துகொள்கிறார். ஏற்கெனவே கருமாதி முடிந்துவிட்ட ஒருவருக்கு இரண்டாம் முறை கொள்ளி வைக்க மகனுக்கு உரிமையில்லை. இந்தக் காரணம் துறவி எல்லாருக்கும் பொருந்தும். திருமூலர் சொல்லும் காரணமோ ஞானிக்கு மட்டும் உரியது. பிற்கால வழக்கில் இவ்விரண்டும் கலந்துபோனதால், காவி உடுத்த எவரும் இறந்தால் 'சமாதி ஆனார்' என்று எழுதும் பழக்கம் வந்தது.

இந்தச் சொல்லின் எல்லாப் பொருள்களையும் ஒரே ஊருக்குள் பார்க்கப் புதுச்சேரியின் வடபகுதியில் உள்ள கருவடிக்குப்பம் பொருத்தமான இடம். சித்தர் சமாதிகள் மலிந்த பகுதி புதுச்சேரி. தட்டாஞ்சாவடியில் கம்பளி சுவாமியின் சமாதி இருப்பதுபோல, கருவடிக்குப்பத்தில் குரு சித்தானந்த சுவாமியின் சமாதி இருக்கிறது. சுவாமி 1837இல் அங்கே ஜீவசமாதி கொண்டார் என்பது கோயில் மரபு. தோப்பும் தோட்டமுமாக இருந்த இடத்தில் அமைந்த சமாதி பின்னர் கோயிலாக வளர்ந்தது. திருமூலர் பட்டியலின்படி அது மலர்ச்சோலை வகை.

அதே கருவடிக்குப்பத்தில் ஊர்ச் சுடுகாடும் உண்டு. இறந்தவர் உடல் இரண்டு இடத்துக்கும்தான் போய்ச் சேர்கிறது. ஆனால் சுடுகாட்டுக்குப் போனவர் திரும்பி வந்து தலை முழுகுவார்; சமாதிக்குப் போகிறவர் குளித்துவிட்டுப் போவார். சுடுகாட்டில் தீட்டு; சமாதியில் திருநீறு. இறந்தவருக்குத் திதி கொடுப்பார்கள். சமாதியானவருக்குக் குருபூசை நடத்துவார்கள். திதியில் இறந்தவருக்குப் பிண்டம் வைத்து அவரைக் கரையேற்றுவது பிழைத்திருப்பவரின் கடமை. குருபூசையில் அந்த உறவு தலைகீழ்: கரையேற்றுபவர் குழிக்குள் இருப்பவரே. சமாதி என்பது சாவு அல்ல என்ற வாதத்தைச் சடங்கு இவ்வளவு துல்லியமாக நடத்திக்காட்டுகிறது. தத்துவ நூல்களுக்கே அந்தத் துல்லியம் எளிதில் கைகூடவில்லை.

தத்துவத்தில் சிக்கல் இதுதான்: வீடுபேறு அடைந்தவர் பிறவிக்கட்டிலிருந்து முற்றாக விடுபட்டவர் என்றால், சமாதிக்குள் யார் இருக்கிறார்? யார் வேண்டுதலைக் கேட்கிறார்? அத்வைதிக்கு இது கேள்வியே அல்ல. ஞானி எல்லையற்ற பிரம்மமாகவே நிற்பதால் எங்கும் இருக்கிறார், ஆகவே இங்கும் இருக்கிறார். இந்த விடை சரிதான். ஆனால் பக்தர் ஏன் குறிப்பிட்ட இந்த மேடையைத் தேடி வரவேண்டும் என்பதை அது விளக்காது. சித்தர் மரபு ஒளிவு மறைவின்றிப் பேசுகிறது: மூச்சை அடக்கி நுண்ணுடலோடு உள்ளே அமர்ந்திருக்கிறார், அழிவது உடலின் தோற்றமே. 'ஜீவ சமாதி' என்ற தொடர் இந்தக் கொள்கையிலிருந்து வந்தது. கண்டிப்பாகப் பார்த்தால், உயிரோடு உள்ளே இறங்கி மூடச்செய்தவருக்கு மட்டுமே அந்தத் தொடர் பொருந்தும். 1671இல் மந்திராலயத்தில் ராகவேந்திரர் பிருந்தாவனத்துக்குள் அமர்ந்ததாகச் சொல்லப்படுவது அவ்வகை. இப்போது சித்தர் என்று கருதப்படும் எவரின் அடக்கவிடத்துக்கும் ஜீவசமாதி என்று பலகை வைக்கிறார்கள். சைவ சித்தாந்தம் மூன்றாவது விடை தருகிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் மலம் நீங்கிய அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கருதி வழிபடச் சொல்கிறது. உள்ளே யார் இருக்கிறார் என்ற ஆராய்ச்சியே இதில் தேவைப்படாது. சமாதிமேல் சிவலிங்கம் வைக்கும் வழக்கத்தோடு மூன்றில் நன்றாகப் பொருந்துவது இந்த விடைதான்.

சித்தானந்த சுவாமி கோயிலுக்கு வந்துபோனவர்களில் பாரதியும் ஒருவர். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த அவருக்குக் கருவடிக்குப்பத்துக் குயில்தோப்பு பிடித்த இடம். 'சித்தாந்தச் சாமி கோயில்' என்ற தலைப்பில் ஒரு பாட்டும் உண்டு. ஆனால் 'பாரதி அறுபத்தாறு' என்ற நூலில் அதே பாரதி வேறு குரலில் பேசுகிறார். சித்தர்கள் முடிந்து மண்ணாய்ப் போனார்கள் என்கிறார். அவர்கள் பொந்திலும் புதரிலும் பொதிகையிலும் தென்படுவதாகச் சொல்லும் கதைகளைக் கேலி செய்கிறார். புத்தருக்கும் சங்கரருக்கும் இராமானுசருக்கும் சமாதி, சித்தி, பரமபதம் என்ற மரபுச் சொற்கள் எதையும் தராமல், சாதாரண மனிதனின் சாவுக்குரிய வினைகளையே போடுகிறார். மரணத்தை வெல்லமுடியாது என்பதற்காக அல்ல. அச்சமும் வேட்கையும் சினமும் அழிந்தால் வெல்லலாம் என்று சொல்லவே அப்படிப் பேசுகிறார். வெற்றியை நம்பியவர் என்பதால்தான் சொல் அலங்காரத்தை வெற்றியாக ஏற்க மறுத்தார் என்று கொள்ளலாம்.

புதுச்சேரியில் வெறுமனே 'சமாதி' என்றால் பலர் நினைவுக்கு வருவது அரவிந்தர் ஆசிரம முற்றத்தில் உள்ள பளிங்கு மேடை. 1950 டிசம்பர் 5 அன்று மறைந்த அரவிந்தரின் உடல், சிதைவு தெரியாததால் 9ஆம் தேதிவரை வைத்திருந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டது. 1973 நவம்பர் 17 அன்று மறைந்த, ஆசிரமத்தை நடத்திவந்த அன்னையின் உடலும் அதே சமாதியின் மேல் அறையில் 20ஆம் தேதி வைக்கப்பட்டது. உலகை மறந்து சமாதியில் மூழ்குவதைத் தம் யோகத்தின் முடிவான குறிக்கோளாக அரவிந்தர் கொள்ளவில்லை; விழித்திருக்கும் வாழ்விலேயே மாற்றம் வேண்டும் என்றார். ஆனாலும் அவர் பெயரோடு இன்று மிக அதிகமாக ஒட்டியிருக்கும் சொல் சமாதியாகவே அமைந்துவிட்டது.

யாருக்குச் சமாதி தகும் என்ற கேள்வி 1922இல் திருவண்ணாமலையில் நேரடியாக எழுந்தது. அந்த ஆண்டு மே 19 அன்று ரமணரின் தாய் அழகம்மாள் மறைந்தார். பெண்ணின் உடலை ஞானிக்குரிய முறையில் அடக்கலாமா என்ற ஐயத்துக்கு விடை ஏற்கெனவே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் காவ்யகண்ட கணபதி முனிவர் இதே கேள்வியைக் கேட்டபோது, ஞானத்தில் ஆண், பெண் வேறுபாடு இல்லை, பெண் ஞானியின் உடலையும் எரிக்கக்கூடாது என்று ரமணர் கூறியது 'ரமண கீதை'யில் பதிவாகியுள்ளது. அழகம்மாள் மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மேலே வைத்த லிங்கம் மாத்ருபூதேசுவரர் ஆயிற்று. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்த ரமணருக்கும் சமாதியே வைக்கப்பட்டது.

வள்ளலார் இந்தத் தகுதிக் கேள்வியையே தகர்த்தவர். 1871இல் அவர் வெளியிட்ட 'சமாதி வற்புறுத்தல்' என்ற அறிவிப்பு, இறந்தவர் யாரானாலும் எரிக்காமல் புதைக்கும்படி சன்மார்க்கத்தாரிடம் வற்புறுத்தியது. இறந்தவர்கள் எழுப்பப்படுவார்கள் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. கருமாதி, திதி போன்ற சடங்குகளையும் அது விலக்கியது. இங்கே சமாதி என்பது எல்லா மனிதருக்கும் உரிய அடக்கம். அவரது முடிவுக்கு அவருடைய அன்பர்கள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை என்பது கவனத்துக்குரியது. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத்தின் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டவர் ஒளியில் கலந்தார் என்பதே அவர்கள் வழக்கு. உடல் எஞ்சாதபோது சமாதி எதற்கு?

கருவடிக்குப்பம் சுடுகாட்டிலேயே ஒரு சமாதி இருக்கிறது. 'நாடகத் தலைமையாசிரியர்' என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமாகி அங்கே அடக்கம் செய்யப்பட்டார். ஒரு காலத்தில் துறவுக்கோலம் பூண்டு தலயாத்திரை போனதால் 'சுவாமிகள்' என்ற பெயர் நிலைத்தது. மற்றபடி அவர் வாழ்வு ஒத்திகைக்கூடத்திலும் மேடையிலும் கழிந்தது. யோக சாதனை பற்றியோ மூச்சடக்கியது பற்றியோ எவரும் சொல்லவில்லை. ஆனாலும் நாடகக் கலைஞர்கள் அதைச் சமாதி என்றே சொல்லி, நினைவு நாளில் குருபூசை நடத்துகிறார்கள். திருமூலரின் இலக்கணத்தில் இது பிழை. குருவுக்குச் செய்யும் பூசை என்ற அளவில் குறைசொல்ல இடமில்லை.

ஒவ்வொரு மரபும் இந்தப் பொருளுக்கு வேறு சொற்களையும் வைத்திருக்கிறது. சங்கர மடங்களில் அதிஷ்டானம், மத்வ மரபில் பிருந்தாவனம், ஸ்ரீவைஷ்ணவத்தில் திருவரசு. வைணவ ஆசாரியர் சமாதி ஆகமாட்டார், பரமபதிப்பார். சைவ ஆதீனகர்த்தர் பரிபூரணம் அடைவார். சோழர் காலத்தில் அரச குடும்பத்தாரின் அடக்கத்தின்மேல் எழுந்த கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். இராசேந்திரன் தன் சிற்றன்னைக்கு எடுத்த பஞ்சவன் மாதேவீச்சரம் அவ்வகை. முஸ்லிம் இறைநேசரின் அடக்கத்தலம் தர்கா.

சட்டமும் இதில் தலையிட வேண்டிவந்தது. ஒரு தனிமனிதரின் சமாதியில் என்றென்றும் பூசை நடக்கச் சொத்து எழுதிவைத்தது செல்லுமா என்ற தமிழ்நாட்டு வழக்கில், செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. சமாதி வழிபாட்டை இந்துக்களிடையே ஏற்கப்பட்ட சமய அறமாக நீதிமன்றம் கருதவில்லை. மகான்கள் என்று வழிபடப்பட்டவர்களின் நிலை வேறாக இருக்கலாம் என்றும், ஆனால் அப்படிப்பட்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டது மிக அரிது என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். புதுச்சேரியையோ திருவண்ணாமலையையோ ஒருமுறை சுற்றிவந்தவர் எழுதக்கூடிய வாக்கியம் அல்ல அது. எனினும் ஞானியின் சமாதி வேறு, தனிமனிதரின் சமாதி வேறு என்று பிரித்ததில் நீதிமன்றம் திருமூலர் பக்கமே நின்றது.

பேச்சு வழக்கு அந்தப் பிரிவினையை எப்போதோ கைவிட்டது. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்த அண்ணா 1969இல் மறைந்து மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டார். அரசு அதை நினைவிடம் என்கிறது. சென்னைவாசிக்கு அது அண்ணா சமாதி. 2017 பிப்ரவரி 7 இரவு ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் கண்மூடித் தியானத்தில் அமர்ந்தபோது, செய்தியாளர்கள் 'சமாதியில் தியானம்' என்று எழுதினார்கள்; பதஞ்சலியின் ஏழாம் அங்கமும் எட்டாம் அங்கமும் ஒரே தலைப்பில் வந்தது தற்செயல். வடக்கே ராஜ்காட்டில் காந்தியின் உடல் எரியூட்டப்பட்ட இடத்துக்கும் சமாதி என்றே பெயர். உள்ளே உடல் இல்லை. 'அந்தத் திட்டத்துக்குச் சமாதி கட்டிவிட்டார்கள்' என்னும் மரபுத்தொடரில் ஞானமும் இல்லை, உடலும் இல்லை. மீண்டும் எழாதபடி ஒன்றை முடித்துவிட்டார்கள் என்பது மட்டுமே அங்கே பொருள்.