புரவலரும் பேனாவும்

எழுத்தாளன் எவரிடம் ஊதியம் பெறுகின்றான் என்பதைக் கொண்டு அவனது நேர்மையை அளவிடலாமா? பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜோன்சனின் வாழ்வு இவ்வினாவை நம்முன் எழுப்புகின்றது.

1747இல் தமது அகராதித் திட்டத்தை ஜோன்சன் செஸ்டர்பீல்ட் பிரபுவுக்கு விண்ணப்பித்தார். பிரபு பாராமுகமாயிருந்தார். 1755இல் அகராதி வெளிவரும் தறுவாயிற் கிடைத்த அவரது பாராட்டை ஜோன்சன் ஒரு கடிதத்தினால் உதறித் தள்ளினார். அக்கடிதத்தை எழுத்தாளனின் விடுதலைப் பிரகடனம் எனப் போற்றுவோர் உளர்.

ஆனால், விடுதலை எங்கே? அகராதிக்கு இலண்டன் புத்தக வியாபாரிகள் பேசிய தொகை 1,575 பவுண்; உதவியாளரின் கூலியும் அதற்குள் அடங்கும். 1756இல், ஆறு பவுணுக்குங் குறைந்த கடனுக்காக ஜோன்சன் கைதானார்! பிரபுவின் வாயிலை விட்டகன்றவர் சந்தையின் வாயிலில் நின்றார்.

1762இல் அரசு ஆண்டுக்கு 300 பவுண் உபகாரச் சம்பளம் அளித்தது. அத்தகைய சம்பளத்தைத் துரோகத்தின் கூலியென அகராதியில் எள்ளியவரே அதனை ஏற்றார். 1775இல் அமெரிக்கக் குடியேற்றக்காரருக்கெதிராக அரசை ஆதரித்தும் எழுதினார்.

அவர் விலைபோனார் என்று கூறுதல் எளிது. ஆயின், முடியாட்சிப் பற்று அவரிடம் முன்னரே இருந்தது. பணம் அதனை உண்டாக்கவில்லை. எனினும், சம்பளம் பெற்றவன் தன் மெய்க்கருத்தை உரைத்தாலும் அது கூலிக்குரலாகவே ஒலிக்கும். அவர் கொடுத்த விலை அதுவே.

பிரபு, வியாபாரி, அரசு ஆகிய மூவருள் ஒருவரிடங் கையேந்தாமல் அறிஞன் வாழவியலாத சமுதாயமே முதற் குற்றவாளி. அச்சமுதாயத்தை மாற்ற முனையாது தனிமனிதனை மட்டும் தூற்றுவது நமக்கு அழகாகாது.